பழைய லீவர் ரைபிள்: தோட்டாவும் குறியும் தேர்ந்தெடுப்பது எப்படி?

காட்டுப்பன்றியால் படும் அவதி தமிழக விவசாயிகளுக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் மக்காச்சோளமும் நிலக்கடலையும் பயிரிடுகிற சிறு பண்ணையாளர்களும் இதே தொல்லையில் சிக்கியிருக்கிறார்கள். அங்கே பன்றி மண்ணின் மிருகமன்று. 1539ஆம் ஆண்டு ஹெர்னாண்டோ டி சோட்டோ என்ற ஸ்பானியத் தளபதி புளோரிடாக் கரையில் இறங்கியபோது உணவுக்காகப் பன்றிகளையும் ஓட்டி வந்தார். அவற்றில் தப்பியவையும், பின்னர் பண்ணைகளிலிருந்து ஓடியவையும் காட்டில் பெருகின. 2014ல் அமெரிக்க வேளாண் துறை இதற்கென்றே தேசிய அளவில் ஒரு கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்க வேண்டி வந்தது.

பன்றியைக் குறைப்பதற்குச் சிறந்த வழி, கூட்டத்தை மொத்தமாக அடைக்கும் பெரிய பட்டிப் பொறிதான் என்று அங்குள்ள விரிவாக்க அலுவலர்கள் சொல்கிறார்கள். ஒன்றிரண்டைச் சுட்டால் மற்றவை இடம் மாறுமே தவிரக் குறைவதில்லை. ஆயினும் பொறிக்குத் தப்பிய தனிப் பன்றிக்கும், ஆட்டுக்குட்டியைத் தூக்க வரும் கொயோட்டி என்னும் ஓநாய் இனத்துக்கும் ஒரு துப்பாக்கி தேவைப்படுகிறது. பல சிறு பண்ணைகளில் அது ஒரு பழைய லீவர் ரைபிளாக இருக்கும். தாத்தா வைத்திருந்தது அல்லது கைமாற்றில் வாங்கியது.

பழைய பம்புசெட்டையோ டிராக்டரையோ வாங்குகிறவர் முதலில் என்ன பார்க்கிறார், பிறகு எதை மாற்றுகிறார், எதில் ஏமாறுகிறார் என்பதெல்லாம் இந்த ரைபிளுக்கும் பொருந்தும். வேறுபாடு ஒன்றுதான். பம்புசெட்டில் தவறு செய்தால் பணம் போகும். இதில் தவறு செய்தால் கண்ணோ, கையோ, அடுத்த வீட்டுக்காரரின் உயிரோ போகலாம்.

சட்டம் வேறு

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். டெக்சாஸ் மாநிலத்தில் தனியார் நிலத்தில், நில உரிமையாளரின் சம்மதத்துடன் காட்டுப்பன்றியைச் சுட 2019 முதல் வேட்டை உரிமம் கூடத் தேவையில்லை. இந்தியாவில் நிலைமை முற்றிலும் வேறு. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் ரைபிள் வைத்திருப்பது குற்றம். உரிமம் இருந்தாலும், 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அரசின் அனுமதியின்றிக் காட்டுப்பன்றியைச் சுடக் கூடாது. ஆகவே இக்கட்டுரை அமெரிக்கப் பண்ணைகளின் வழக்கத்தை விளக்குவதே ஆகும்.

லீவர் ரைபிள் என்பது என்ன?

விசைக்குக் கீழே, விரல்கள் நுழையும்படி ஒரு இரும்பு வளையம் இருக்கும். அதுதான் லீவர். அதைக் கீழே தள்ளினால் சுட்ட தோட்டாவின் வெறுங்கூடு வெளியே விழும். பின்பக்கத்தில் சுத்தி போல் இருக்கும் குதிரை சாய்ந்து நிற்கும். மேலே இழுத்தால் அடுத்த தோட்டா குழலுக்குள் ஏறும். பெரும்பாலான லீவர் ரைபிள்களில் தோட்டாக்கள், குழலுக்குக் கீழே அதற்கு இணையாக ஓடும் மெல்லிய குழாய் ஒன்றில் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும்.

இவ்வகையில் பெயர் பெற்றவை இரண்டு. முதலாவது வின்செஸ்டர் 94. ஜான் பிரவுனிங் வடிவமைத்த இது 1894ல் வெளிவந்தது. நியூ ஹேவன் நகரத் தொழிற்சாலை 2006ல் மூடப்படும் வரை 70 லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. இரண்டாவது மார்லின் 336. இது 1948ல் வந்தது. இரண்டுக்கும் பொதுவாக அமைந்த தோட்டா 'முப்பது-முப்பது' எனப்படும் .30-30 தோட்டா. 1895ல் வந்த இது, புகையில்லா வெடிமருந்தில் ஓடிய முதல் அமெரிக்க வேட்டைத் தோட்டாக்களில் ஒன்று. முதல் முப்பது குழலின் அளவையும் (ஓர் அங்குலத்தில் நூற்றில் முப்பது பங்கு), இரண்டாவது முப்பது அக்காலத்தில் இட்ட மருந்தின் எடையையும் (30 கிரெயின்) குறிக்கும்.

கிரெயின் என்றால் தானியமணி என்றே பொருள். பார்லி மணியின் எடையிலிருந்து பிறந்த அளவு இது. குன்றிமணியைக் கொண்டு பொன்னை நிறுத்தது போலத்தான். ஒரு கிரெயின் சுமார் 65 மில்லிகிராம். குண்டின் எடையும் மருந்தின் எடையும் இன்றும் அமெரிக்காவில் இந்த அளவிலேயே சொல்லப்படுகின்றன.

விலை பேசுமுன் பார்க்க வேண்டியவை

முதல் வேலை, உள்ளே தோட்டா இல்லை என்று உறுதி செய்வது. லீவரைத் திறந்து தோட்டா அறையைக் கண்ணால் பார்த்தால் மட்டும் போதாது. குழாயில் ஒன்று ஒளிந்திருக்கலாம். லீவரை மூடும்போது அது குழலுக்கு ஏறிவிடும். ஆகவே இரண்டையும் பார்க்க வேண்டும்.

அடுத்து, குழலுக்குள் விளக்கொளி பாய்ச்சிப் பார்ப்பார்கள். உட்புறத்தில் சுருளாக ஓடும் வரிகள் கூர்மையாகத் தெரிய வேண்டும். அங்கங்கே அம்மைத் தழும்பு போல் குழிகள் இருந்தால் பழைய துரு என்று பொருள். குழலின் வாயை மிகவும் கவனமாகப் பார்க்க வேண்டும். வின்செஸ்டர் 94ல் பின்பக்கமிருந்து சுத்தக்கம்பி விடுவது எளிதன்று. எனவே பலர் வாய்ப்பக்கமிருந்தே கம்பியை விட்டுத் தேய்த்திருப்பார்கள். ஐம்பது அறுபது ஆண்டுகள் இப்படித் தேய்த்தால் வாய் ஒரு பக்கமாகத் தேய்ந்துவிடும். அத்தகைய ரைபிளுக்கு எந்தக் குறி பொருத்தினாலும் குண்டு சிதறும். மார்லின் 336ல் ஒரே ஒரு திருகைக் கழற்றினால் லீவரும் பூட்டுத்தண்டும் வெளியே வந்துவிடும். பின்பக்கமிருந்து சுத்தம் செய்யலாம். ஆதலால் அதில் இக்குறை குறைவு.

குதிரையைப் பாதி வரை இழுத்து நிறுத்தி, விசையை மெதுவாக அழுத்திப் பார்க்க வேண்டும். குதிரை விழக் கூடாது. 1980களுக்கு முன் செய்யப்பட்ட இத்தகைய ரைபிள்களில் தனியாகப் பாதுகாப்புப் பொத்தான் கிடையாது. இந்தப் பாதி நிலைதான் அதன் காவல். அது தேய்ந்திருந்தால் துப்பாக்கி ரிப்பேர் செய்பவரிடம் காட்டாமல் வாங்கக் கூடாது.

தோட்டா அறைக்கும் பூட்டுத்தண்டுக்கும் இடையில் எவ்வளவு தளர்வு இருக்கிறது என்பதை அளவுக்கட்டை வைத்துப் பார்க்கும் வேலையையும் ரிப்பேர்காரரே செய்ய வேண்டும். சுட்ட கூட்டின் அடியில் உள்ள தீப்பொட்டு வெளியே துருத்திக்கொண்டு நின்றாலோ, கூட்டின் அடிப்பக்கத்தைச் சுற்றிப் பளிச்சென்ற கோடு விழுந்தாலோ தளர்வு அதிகம் என்பது அடையாளம்.

வின்செஸ்டரில் '1964க்கு முந்தியது' என்று சொல்லி விற்பவர் கூடுதல் விலை கேட்பார். அந்த ஆண்டு தொழிற்சாலையில் செய்முறை மாற்றப்பட்டது உண்மை. சேகரிப்பவர்கள் பழையதைத் தேடுவதும் உண்மை. ஆனால் பன்றிக்கு இந்தக் கணக்குத் தெரியாது. வயலுக்கு வேண்டியது நல்ல குழலும் பழுதில்லாத பூட்டும்தான்.

தோட்டா முதலில், குறி பிறகு

வாங்கியவுடன் பலர் செய்யும் தவறு, முதலில் டெலஸ்கோப் வாங்கிப் பொருத்துவது. குறி என்பது குறிப்பிட்ட ஒரு தோட்டாவுக்காகச் சரி செய்யப்படுவது. தோட்டாவை மாற்றினால் குண்டு விழும் இடமும் மாறும். எனவே தோட்டாவை முடிவு செய்த பிறகே குறியைப் பற்றி யோசிக்க வேண்டும்.

எந்தத் தோட்டா என்பதை விற்பவர் வாயால் கேட்டு முடிவு செய்யக் கூடாது. குழலின் மேல் பொறித்திருப்பதைப் படிக்க வேண்டும். பழைய வின்செஸ்டரில் '30 டபிள்யூ.சி.எஃப்.' என்று இருந்தால் அதுவே .30-30. '32 ஸ்பெஷல்' என்று இருந்தால் அது வேறு. இரண்டின் அடிப்பகுதியும் ஒன்றுபோல் இருக்கும். ஆனால் .30-30ன் குண்டு 0.308 அங்குலம், 32 ஸ்பெஷலின் குண்டு 0.321 அங்குலம். ஒரே அலமாரியில் இரண்டு பெட்டியும் இருக்கும் வீட்டில் மாறிப்போவது எளிது. சிறிய குண்டு பெரிய குழலில் தளர்ந்து ஓடும். எங்கே போகும் என்று சொல்ல முடியாது.

.45-70 என்ற தோட்டாவில் எச்சரிக்கை இன்னும் அதிகமாக வேண்டும். 1873ல் அமெரிக்க ராணுவத்துக்காகக் கரிமருந்தில் செய்யப்பட்ட தோட்டா அது. 1972ல் மார்லின் நிறுவனம் அதே தோட்டாவுக்கு வலுவான புதிய ரைபிளைக் கொண்டுவந்தது. அதற்கென்று அதிக அழுத்தமுள்ள தோட்டாக்களும் விற்பனைக்கு வந்தன. அவற்றின் பெட்டியில் 'புதிய ரைபிளுக்கு மட்டும்' என்ற எச்சரிக்கை இருக்கும். நூறு ஆண்டுக்கு முந்திய துப்பாக்கியில் அதைப் போட்டால் துப்பாக்கியே வெடிக்கலாம். உள்ளே பொருந்துகிறது என்பதற்காகச் சுடலாம் என்று பொருளில்லை. பழைய ஐந்து குதிரைச் சக்தி என்ஜினில் பத்து குதிரைச் சக்தி வேலையை வாங்க முடியுமா?

விற்பவர் ரைபிளோடு சேர்த்து 'இதையும் வைத்துக்கொள்ளுங்கள்' என்று ஒரு பழைய டப்பா தோட்டாவைக் கொடுப்பது உண்டு. அது கம்பெனிப் பெட்டியில்லாமல், வீட்டில் மருந்து நிரப்பியதாக இருந்தால் சுடக் கூடாது. எவர் நிரப்பினார், எவ்வளவு நிரப்பினார் என்பது தெரியாது. பச்சைக் களிம்பு ஏறிய தோட்டாவையும் ஒதுக்கிவிட வேண்டும்.

குழாயில் கூர்முனை ஆகாது

லீவர் ரைபிளுக்கே உரிய முக்கியமான விதி இதுதான். குழாயில் தோட்டாக்கள் வரிசையாகப் படுத்திருக்கின்றன. ஒரு தோட்டாவின் முனை, அதற்கு முன்னுள்ள தோட்டாவின் அடியில் இருக்கும் தீப்பொட்டின் மேல் நேராக அழுந்திக்கொண்டிருக்கும். அந்த முனை கூர்மையாகவும் கடினமாகவும் இருந்தால், சுடும்போது ஏற்படும் உதைப்பில் அது ஆணி போல் தீப்பொட்டில் குத்தும். குழாய்க்குள்ளேயே தோட்டா வெடித்துவிடும். அந்தக் குழாயைத்தான் சுடுபவரின் இடது கை பிடித்திருக்கிறது.

ஆகவே குழாய் உள்ள ரைபிளுக்குத் தட்டை முனை அல்லது அகன்ற உருண்டை முனைக் குண்டுகளே உரியவை. கடைகளில் கிடைக்கும் கம்பெனி .30-30 தோட்டாக்கள் பெரும்பாலும் இவ்வாறே இருக்கும். வீட்டில் மருந்து நிரப்புகிறவர்கள்தான் வேறு ரைபிளுக்கு வாங்கிய கூர்முனைக் குண்டை இதிலும் பொருத்தித் தவறு செய்கிறார்கள்.

2000களின் நடுவில் ஹார்னடி நிறுவனம் ரப்பர் போல் அழுந்தும் மென்முனை வைத்த குண்டைக் கொண்டுவந்தது. கூராக இருப்பதால் காற்றைக் கிழித்துச் செல்லும். மென்மையாக இருப்பதால் தீப்பொட்டைக் குத்தாது. தட்டை முனையைவிட இது சற்றுத் தூரம் வேகம் குறையாமல் போகும். 100 கஜத்துக்குள் சுடுகிறவருக்கு இந்த வேறுபாடு பெரிதன்று.

எல்லா லீவர் ரைபிளுக்கும் இந்தக் கட்டுப்பாடு கிடையாது. சாவேஜ் 99 என்ற ரைபிளில் தோட்டாக்கள் குழாயில் இல்லாமல் ராட்டினம் போல் சுழலும் உருளையில் இருக்கும். ஒன்றின் முனை மற்றொன்றைத் தொடாது. அதில் கூர்முனைக் குண்டும் போடலாம். ஆகவே தன் கையில் இருப்பது எந்த வகை என்று தெரிந்துகொள்வதே முதல் பாடம்.

எந்த எடை?

.30-30ல் 150 கிரெயின், 170 கிரெயின் என இரண்டு எடைகள் வழக்கத்தில் உள்ளன. 150 கிரெயின் குண்டு வினாடிக்குச் சுமார் 2,390 அடி வேகத்தில் புறப்படும். 170 கிரெயின் குண்டு சுமார் 2,200 அடி வேகத்தில் புறப்படும். இலேசானது சற்று நேராகப் போகும். உதைப்பும் கொஞ்சம் குறைவு. கனமானது சற்றுத் தாழ்ந்து விழும். ஆனால் உள்ளே ஆழமாக இறங்கும். மானுக்கு 150 போதும் என்றும், தோள் தடித்த கிழட்டு ஆண் பன்றிக்கு 170 நல்லது என்றும் அங்கே வழக்கம்.

ஆனால் கடைசித் தீர்ப்பைச் சொல்ல வேண்டியது குழலே. ஒரே கம்பெனி, ஒரே ஆண்டு, ஒரே மாதிரி ரைபிள் இரண்டு வாங்கினாலும் ஒன்றுக்கு ஒத்துப்போகும் தோட்டா மற்றொன்றுக்கு ஒத்துப்போகாமல் இருக்கலாம். ஒரே விதை இரண்டு வயலில் இரண்டு விதமாக விளைவதில்லையா? ஆகவே இரண்டு அல்லது மூன்று வகைத் தோட்டாக்களில் 20 கொண்ட ஒரு பெட்டி வீதம் வாங்கி, மணல் மூட்டை மேல் ரைபிளை வைத்து, 50 கஜத் தூரத்தில் ஒவ்வொன்றிலும் ஐந்து ஐந்தாகச் சுட்டுப் பார்க்க வேண்டும். மூட்டை மேல் அமர வேண்டியது முன்கட்டை. குழல் மூட்டையைத் தொடக் கூடாது. ஒவ்வொரு ஐந்துக்கும் பிறகு குழலை ஆறவிட வேண்டும். ஐந்து துளைகளும் எதில் நெருங்கி விழுகின்றனவோ அதுவே அந்த ரைபிளின் தோட்டா. துளைகள் குறிக்கு வலமோ இடமோ விழுந்தால் கவலையில்லை. அதைக் குறியைத் திருத்திச் சரி செய்யலாம். சிதறலைக் குறியால் சரி செய்ய முடியாது.

முடிவானதும் அதே தோட்டாவைச் சில பெட்டிகள் சேர்த்து வாங்கி வைப்பது நல்லது. பெட்டி தீர்ந்த நாளில் கடையில் கிடைத்ததை வாங்கிப் போட்டால் பட்ட பாடெல்லாம் வீண்.

கண்ணுக்கேற்ற குறி

தொழிற்சாலையிலிருந்து வரும் லீவர் ரைபிளில் குழலின் நுனியில் மணி போன்ற முன்குறியும், குழலின் நடுப்பகுதியில் ஆங்கில 'வி' அல்லது 'யூ' வடிவப் பள்ளமுள்ள பின்குறியும் இருக்கும். பின்குறியை உயர்த்தவும் தாழ்த்தவும் அடியில் படிபடியாக வெட்டிய சிறு தகடு உண்டு. இது உறுதியானது, செலவில்லாதது. இளம் கண்ணுக்குக் குறையில்லாதது.

நாற்பத்தைந்து வயதைக் கடந்த பிறகு சிக்கல் தொடங்குகிறது. பின்குறி, முன்குறி, பன்றி என்று மூன்று தூரங்களில் உள்ள மூன்று பொருள்களைக் கண் ஒரே சமயத்தில் தெளிவாகப் பார்க்க வேண்டும். வயதான கண்ணால் அது ஆகாது. பின்குறி மங்கிப் பஞ்சு போலத் தெரியும். 'இந்த ரைபிள் சரியில்லை' என்று பலர் விற்றுவிடுவது இந்த நிலையில்தான். பழுது ரைபிளில் இல்லை.

இதற்கு மருந்து துளைக்குறி. ரைபிளின் பின்பகுதியில், கண்ணுக்கு அருகே, சிறிய வட்டத்துளை உள்ள குறியைப் பொருத்துவார்கள். பொடி எழுத்தைக் கண்ணாடியில்லாமல் படிக்க முடியாதவர் கையை முஷ்டியாக மூடி, நடுவில் ஊசி நுழையும் அளவு துளை விட்டு அதன் வழியே பார்த்தால் எழுத்து தெளிவாகும். துளைக்குறி வேலை செய்வதும் இதே முறையில்தான். துளையைக் கண் தேட வேண்டாம். துளையின் வழியே பார்த்தால் போதும். முன்குறியின் மணியைத் தானாகவே நடுவில் கொண்டுவந்துவிடும். சுடுபவர் மணியை மட்டும் பார்த்து, அதைப் பன்றியின் மேல் வைத்தால் போதும்.

இதில் மற்றொரு லாபமும் உண்டு. முன்குறிக்கும் பின்குறிக்கும் உள்ள தூரம் கூடுகிறது. குழலின் மேல் உள்ள பின்குறியாக இருந்தால் அந்தத் தூரம் சுமார் 16 அங்குலம். துளைக்குறியில் சுமார் 25 அங்குலம். குறி வைப்பதில் ஓர் அங்குலத்தில் நூற்றில் ஒரு பங்கு பிசகினால், முதலாவதில் 100 கஜத் தூரத்தில் 2¼ அங்குலம் தவறும். இரண்டாவதில் 1½ அங்குலத்துக்கும் குறைவாகத் தவறும்.

பன்றி வருவது அந்தி வேளையில். ஆகவே பொடித் துளையைவிடச் சற்றுப் பெரிய துளையே பண்ணைக்கு ஏற்றது. முன்குறியின் மணி வெள்ளையாகவோ பித்தளையாகவோ இருந்தால் மங்கிய வெளிச்சத்திலும் தெரியும்.

துளைக்குறி பொருத்தத் திருகுத்துளை வேண்டும். பிற்காலத்து ரைபிள்களில் தொழிற்சாலையே துளை போட்டுத் தந்திருக்கிறது. மிகப் பழையவற்றில் இராது. அப்படிப்பட்ட ரைபிளில் புதிதாகத் துளை போட்டால் சேகரிப்பாளர் தரும் விலை பெரிதும் இறங்கிவிடும். துளை போடுமுன் அதன் வயதை அறிந்தவரிடம் காட்டிக் கேட்க வேண்டும்.

டெலஸ்கோப் வேண்டுமா?

கண்பார்வை மிகவும் குறைந்தவருக்கும், புதர் நிழலில் நிற்பது பன்றியா கன்றுக்குட்டியா என்று பிரித்தறிய வேண்டியவருக்கும் டெலஸ்கோப் உதவும். ஆனால் எல்லா லீவர் ரைபிளும் அதற்கு இடம் கொடுக்காது.

பழைய வின்செஸ்டர் 94 வெறுங்கூட்டை நேர் மேலே எறியும். மேலே டெலஸ்கோப் வைத்தால் கூடு அதில் மோதும். எனவே பக்கவாட்டில் தள்ளித்தான் வைக்க வேண்டும். கன்னம் கட்டையில் சரியாகப் பதியாது. 1980களின் தொடக்கத்தில் கூட்டைச் சாய்வாக எறியும்படி மாற்றி அமைத்த பிறகே வின்செஸ்டரில் டெலஸ்கோப் மேலே ஏறியது. மார்லின் 336 தொடக்கத்திலிருந்தே பக்கவாட்டில் எறிவது. மேற்புறம் மூடியது. ஆகவே டெலஸ்கோப் வைக்க நினைப்பவர் மார்லினை வாங்குவதே வழக்கம்.

பெருக்கம் அதிகம் வேண்டாம். இரண்டரை மடங்கு, அல்லது ஒன்றிலிருந்து நான்கு மடங்கு வரை போதும். ஒன்பது மடங்கு வைத்தால் கிட்டத்தில் ஓடும் பன்றியைக் கண்ணாடிக்குள் தேடவே நேரம் போய்விடும். எவ்வளவு தாழ்வாகப் பொருத்த முடியுமோ அவ்வளவு தாழ்வாகப் பொருத்த வேண்டும். ஏனெனில் இந்த ரைபிளின் கட்டை சாதாரணக் குறிக்காகத் தாழ்வாகச் செய்யப்பட்டது.

ஓர் எச்சரிக்கை. டெலஸ்கோப் குதிரைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். குதிரையை மெல்ல இறக்கும்போது கட்டை விரலுக்கு இடம் போதாது. விரல் வழுக்கினால் துப்பாக்கி வெடிக்கும். இதற்காகக் குதிரையின் பக்கவாட்டில் பொருத்தும் சிறு நீட்டுத்தண்டு விற்கிறார்கள். டெலஸ்கோப் வாங்குகிறவர் இதையும் சேர்த்தே வாங்க வேண்டும்.

குறியைச் சரி செய்யும் கணக்கு

நினைவில் வைக்க வேண்டியவை இரண்டு. குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கமே பின்குறியை நகர்த்த வேண்டும். முன்குறிக்கு இது நேர்மாறு. குண்டு மேலே விழுந்தால் உயரமான முன்குறி வேண்டும். கீழே விழுந்தால் குட்டையான முன்குறி வேண்டும்.

எவ்வளவு உயரம் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. தவறும் அளவை, இரண்டு குறிகளுக்கும் உள்ள தூரத்தால் பெருக்கி, சுடும் தூரத்தால் வகுக்க வேண்டும். எல்லாம் அங்குலத்தில் இருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, 100 கஜத்தில் குண்டு 5 அங்குலம் மேலே விழுகிறது. குறிகளுக்கு இடையில் 25 அங்குலம். 100 கஜம் என்பது 3,600 அங்குலம். 5ஐ 25ஆல் பெருக்கினால் 125. அதை 3,600ஆல் வகுத்தால் ஏறக்குறைய 0.035 அங்குலம். அதாவது ஒரு மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. இந்தக் கணக்கு தெரிந்தால் கடையில் நான்கு முன்குறி வாங்கி ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கும் செலவு மிச்சம்.

.30-30க்கு 100 கஜத்தில் 2 அங்குலம் மேலே படும்படி வைத்தால் 150 கஜம் அளவில் குறிக்கு நேராகிவிடும். 200 கஜத்தில் ஏறக்குறைய 4 அங்குலம் தாழும். அதற்கு மேல் விரைவாகக் கீழே இறங்கும். ஆகவே விவரம் அறிந்தவர்கள் இந்த ரைபிளை 150 கஜத்துக்கு மேல் நம்புவதில்லை. எட்டாத தூரத்தில் சுட்டால் பன்றி சாகாது. காயத்தோடு ஓடி, புதரில் படுத்து நாள்கணக்கில் துடிக்கும். காயம்பட்ட ஆண் பன்றியைத் தேடிப்போவது ஆளுக்கும் நாய்க்கும் ஆபத்து.

ஈயமா, செம்பா?

சாதாரணக் குண்டின் உள்ளே ஈயம் இருக்கிறது. உடலில் பட்டதும் அது பொடிப்பொடியாகச் சிதறும். வயலில் விட்டுவிட்ட குடலையும் சதையையும் தின்னும் பறவைகள் அந்த ஈயத்தையும் விழுங்கிச் சாகின்றன. கலிபோர்னியாவின் காண்டர் கழுகுகள் 1987ல் 27 மட்டுமே மிஞ்சியிருந்தன. அவற்றைக் கூண்டில் வளர்த்துக் காட்டில் விட்டபோது, அவற்றைக் கொன்றவற்றில் ஈய நஞ்சு முதலிடத்தில் நின்றது. எனவே கலிபோர்னியா மாநிலத்தில் 2013ல் சட்டம் இயற்றி, 2019 ஜூலை 1 முதல் வேட்டையில் ஈயக் குண்டை முழுவதும் தடை செய்தார்கள். கால்நடைக்குப் போட்ட டைக்ளோஃபினாக் ஊசியால் இந்தியாவில் பிணந்தின்னிக் கழுகுகள் அழிந்ததையும், 2006ல் அம்மருந்து கால்நடைகளுக்குத் தடை செய்யப்பட்டதையும் அறிந்தவர்களுக்கு இது விளங்கும்.

ஈயத்துக்கு மாற்று செம்புக் குண்டு. செம்பு ஈயத்தைவிட இலேசு; ஆகவே அதே எடைக்குக் குண்டு நீளமாகிவிடும். பழைய ரைபிளில் செம்புக்கு மாறுகிறவர் 170 கிரெயினைத் தேடாமல் 150 அல்லது அதற்கும் இலேசான குண்டை எடுப்பது வழக்கம். குழாயில் போடத் தக்கது என்று பெட்டியில் குறிப்பிட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மாறிய பிறகு குறியை மறுபடியும் சரி செய்ய வேண்டும்.

முடிவாக

குறிக்குப் பின்னால் மண்மேடு இல்லாவிட்டால் சுடக் கூடாது. குறி தவறிய குண்டு ஒரு மைலுக்கு அப்பாலும் போகும். காதுக்கு அடைப்பான் வேண்டும். வேலை முடிந்ததும் குழாயில் ஒரு தோட்டாவும் மிஞ்சவில்லை என்று பார்த்து, ரைபிளை ஒரு பூட்டிலும் தோட்டாவை வேறு பூட்டிலும் வைக்க வேண்டும். பிள்ளைகள் உள்ள வீட்டில் இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை.

பணத்தைச் செலவிடும் வரிசை இதுதான்: முதலில் ரிப்பேர்காரரின் பரிசோதனை, அடுத்து இரண்டு மூன்று பெட்டித் தோட்டா, அதன்பின் கண்ணுக்கு ஏற்ற குறி. இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றுகிறவர்தான் விலையுயர்ந்த டெலஸ்கோப்பை மாட்டிக்கொண்டு பன்றியைத் தவறவிடுகிறார். எந்தத் தோட்டா என்பதைக் குழலைக் கேட்க வேண்டும். எந்தக் குறி என்பதைக் கண்ணைக் கேட்க வேண்டும். இரண்டும் முடிவானதும் தோட்டாவின் பெயர், எடை, குறி வைத்த தூரம், தேதி ஆகிய நான்கையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதித் தோட்டாப் பெட்டிக்குள் போட்டு வைத்தால், அடுத்த அறுவடைக் காலத்தில் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.